பூந்தோட்டத்துக் கிழங்குகளும் வயலிற் பரவும் களைகளும்

மன்னார்ப் பகுதிக் கமக்காரர்களுக்கு ஒரு பாடம்



கோரைப் புல்லோடு போராடாத மரக்கறித் தோட்டக்காரர் நம் பகுதியில் ஒருவரேனும் இருப்பாரென்று நான் எண்ணவில்லை. இன்று மண்வெட்டியாற் கொத்தித் துப்புரவு செய்த பாத்தியில் ஒரு கிழமை கழியுமுன் கோரை மறுபடியும் தலைநீட்டுகின்றது. முன்பு ஒன்று நின்ற இடத்தில் இப்பொழுது மூன்று நிற்கின்றன. இதற்குக் காரணம் யாதெனில், நாம் வெட்டுவது இலையை. செடியின் உயிர் இருப்பதோ மண்ணின் கீழேயுள்ள கிழங்கில். கோரைக் கிழங்குகள் மாலையிற் கோத்த மணிகளைப் போல நூல் போன்ற தண்டினால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுள்ளன. மாலை அறாதிருக்கும் வரை நுனிக் கிழங்கு முளைக்கும். மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி மாலையை அறுத்தவுடன் உறங்கிய கிழங்குகள் யாவும் விழித்துக் கொள்கின்றன.

இப்பிரசுரம் கோரையைப் பற்றியதன்று. கோரையைப் போன்று மண்ணுக்குள்ளே அல்லது நீருக்குள்ளே தன் உயிரை மறைத்து வைக்கும் இயல்புடையனவும், நாமே விலை கொடுத்து வாங்கியோ அயலவரிடம் கேட்டுப் பெற்றோ முற்றத்தில் நடுவனவுமான அழகுச் செடிகளைப் பற்றியது. கோரையை எவரும் விரும்பி நடுவதில்லை. ஆயின் இலங்கையின் வயல்களையும் குளங்களையும் பெரிதும் வருத்திய களைகளுட் சில, பூவின் அழகுக்காகக் கையாற் கொண்டுவந்து நடப்பட்டவையே. அது எவ்வாறு நிகழ்ந்தது, மன்னாரில் அது மீண்டும் நிகழாதிருக்க நாம் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

1. குமிழும் கிழங்கும்

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சதைப்பற்றுள்ள இதழ்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, நடுவே ஒரு குருத்து இருக்கக் காண்பீர்கள். இதுவே குமிழ் எனப்படும். முற்றங்களில் வளரும் லில்லி வகைகள் பல இத்தகைய குமிழிலிருந்து முளைப்பன. மணிவாழை, இஞ்சி, மஞ்சள் என்பன நிலத்தின் கீழ்க் கிடையாக ஓடும் தண்டுக் கிழங்கையுடையன. டேலியாவில் வேரே பருத்துக் கிழங்காகின்றது. பெயரும் வடிவும் வேறுபடினும் தொழில் ஒன்றே: நல்ல காலத்திற் செடி தேடிய உணவைக் கெட்ட காலத்துக்கெனச் சேமித்து வைத்தல்.

இவ்வியல்பினால் இரண்டு பயன்கள் விளைகின்றன. முதலாவது, மேற்பகுதி வெட்டுண்டாலும், ஆடு மாடு மேய்ந்தாலும், கோடையிற் கருகினாலும் செடி சாவதில்லை. இரண்டாவது, விதை இல்லாமலே துண்டுகளாற் பெருகும். பூந்தோட்டத்தில் இவ்விரண்டும் நற்குணங்கள். தண்ணீர் விட மறந்தாலும் மறு மாரியிற் பூக்கும் செடியை யார்தான் விரும்பார்? ஆனால் அதே செடி வேலியைத் தாண்டி வெளியேறிவிட்டால், நற்குணங்களாயிருந்த இவ்விரண்டுமே நமக்குப் பகையாகின்றன.

எனினும் குமிழுள்ள செடி யாவும் தீயன என்று எண்ணிவிடலாகாது. சின்ன வெங்காயமும் குமிழே. நாம் நட்டு, நீர் இறைத்து, களை பிடுங்காவிடில் அது ஒரு போகமும் தனித்து நில்லாது. வெளிநாட்டிலிருந்து வந்த செடிகள் யாவும் தீயன என்பதும் தவறு. மிளகாய், தக்காளி, மரவள்ளி என்பன அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குரியது. அரபு வணிகர்களாற் கொண்டுவரப்பட்டதென்று கருதப்படும் அம்மரவினம் பல நூற்றாண்டுகளாக நம்மிடையே இருந்தும் ஒருவர் நிலத்தையும் கவரவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, “இது எங்கிருந்து வந்தது?” என்பது மட்டுமன்று, “இது வந்த இடத்தில் அடங்கி நிற்குமா?” என்பதே.

2. பிறந்த மண்ணில் அடங்குவது பிறமண்ணில் அடங்காமை

இதனை விளக்க நமது சொந்தச் செடியொன்றையே எடுத்துக்கொள்வோம். கார்த்திகை மாத மழையோடு வேலிகளிலும் பற்றைகளிலும் செம்மஞ்சட் சுடர் போலப் பூக்கும் கார்த்திகைப்பூக் கொடியை அறியாதார் இலர். அதன் கலப்பை வடிவான கிழங்கு கோடை முழுவதும் மண்ணுள் உறங்கி மாரியில் எழும். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சுடையன. சிறுவர் அதனைத் தொட்டு விளையாட விடலாகாது. ஆயினும் நம் நாட்டில் இக்கொடி எந்த வயலையும் மூடியதில்லை.

இதே கொடி அவுஸ்திரேலியாவுக்குப் பூச்செடியாகக் கொண்டுசெல்லப்பட்டது. அங்குத் தோட்டங்களிலிருந்து வெளியேறி, குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் கடற்கரை மணற்றிட்டிகளிற் பரவி, அவ்விடத்துச் செடிகளை நெருக்கி, இன்று களையெனக் கருதி அழிக்கப்பட்டு வருகின்றது. செடி ஒன்றே; மண் மாறியது. வேறுபாடு எங்கே உள்ளது?

நம் நாட்டில் இக்கொடியின் இலையைத் தின்று வாழும் புழுக்கள் உள்ளன. கறுப்பு நிற உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளிகளாக அமைந்த ஒரு வகைப் புழு சில ஆண்டுகளில் ஒரு வேலியின் கார்த்திகைப்பூ முழுவதையும் மொட்டையாக்கிவிடும். இத்தகைய பூச்சிகளும் நோய்களும் அண்டைச் செடிகளின் போட்டியும் சேர்ந்து ஒவ்வொரு செடியையும் அதன் பிறந்த மண்ணில் அளவோடு வைத்திருக்கின்றன. கிழங்கை மட்டும் பையிலிட்டுக் கடல் கடந்து கொண்டுசெல்லும்போது, அதன் பகைகள் பின்தங்கிவிடுகின்றன. பகையற்ற நாட்டிற் செடி கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது.

தென்னாபிரிக்காவிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு அழகுக்காகச் சென்ற, ‘கேப் டியூலிப்’ எனப்படும் செடியின் வரலாறும் இத்தகையதே. அது மேய்ச்சல் நிலங்களிற் புகுந்து, அதனைத் தின்ற கால்நடைகளுக்கு நஞ்சாயிற்று. அதன் சிறு கிழங்குகள் எல்லாம் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. ஒரு பகுதி முளைக்க, மறு பகுதி பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். “இவ்வாண்டு முழுவதும் பிடுங்கிவிட்டேன்” என்று அமைதியடைந்த பண்ணைக்காரர், அடுத்த மாரியில் மீண்டும் பூவைக் கண்டனர். கிழங்குச் செடியை ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

3. இலங்கையிற் கண்ட மூன்று பாடங்கள்

வெளிநாட்டுக் கதைகள் ஒருபுறமிருக்க, நம் நாட்டில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம்.

முதலாவது நாயுண்ணிச் செடி. பல நிறப் பூங்கொத்துகளின் அழகுக்காக 1826ஆம் ஆண்டில் இலங்கையின் அரச தாவரவியற் பூங்கா வழியாக இது புகுந்தது. இதற்குக் கிழங்கில்லை; ஆயினும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் வலிமையுண்டு. கருநிறச் சிறு பழங்களைப் பறவைகள் தின்று விதையைக் காடெங்கும் பரப்பின. இன்று உலர் வலயத்தின் தரிசு நிலங்களிலும் காட்டு ஓரங்களிலும் மேய்ச்சற் புல்லை அழித்து நிற்பதை யாவரும் காணலாம். இலையைத் தின்னும் மாடுகள் நோயுறுவதும் உண்டு.

இரண்டாவது, சிலர் ஆகாயத்தாமரை என்றும் சிலர் வெங்காயத்தாமரை என்றும் கூறும் நீர்ச்செடி. இலைக்காம்பு வெங்காயம் போல் உப்பிக் காற்றை அடக்கி மிதப்பதனாற் பின்னைய பெயர் ஏற்பட்டது. தென்னமெரிக்காவுக்குரிய இது, ஊதா நிறப் பூவின் கவர்ச்சியினால் 1905ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், அதாவது 1909இல், இந்த ஒரு செடிக்காகவே தனிக் கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இதிலிருந்தே அது பரவிய வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சல்வீனியா. 1939இல் கொழும்பிற் கற்பித்தலுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்த மிதக்கும் பன்னம் வெளியேறி, பதினைந்து ஆண்டுகளுக்குள் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களையும் பல நீர்நிலைகளையும் மூடியது. கையால் அள்ளியும் மருந்து தெளித்தும் தீராத இத்தொல்லை, 1986இல் அவுஸ்திரேலியாவிலிருந்து பெறப்பட்ட ஒரு சிறு கூன்வண்டினால் நாட்டின் பல இடங்களிலும் அடக்கப்பட்டது. அவ்வண்டு சல்வீனியாவின் பிறப்பிடமாகிய பிரேசிலில் அதனையே தின்று வாழ்வது. மேலே கூறிய உண்மையை இது உறுதி செய்கின்றது: பின்தங்கிய பகையைத் தேடிக் கொண்டுவந்தபோதே செடி அடங்கிற்று. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் இத்தகைய பகை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். அதுவரை நட்டம் கமக்காரருடையதே.

4. ஒரு கணக்கு

நல்ல வெயிலும் உரச்சத்துள்ள நீரும் கிடைப்பின் ஆகாயத்தாமரை இரு கிழமையில், சில வேளைகளில் அதற்கும் குறைந்த காலத்தில், இரு மடங்காகும். வயல்களிலிருந்து வடியும் நீரில் உரச்சத்து இருப்பதால் வாய்க்கால்களும் குளங்களும் அதற்கு ஏற்ற இடங்களே. ஒருவர் தம் தொட்டியிலிருந்து பத்துச் செடிகளை வாய்க்காலில் எறிந்தாரென்று வைத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில்: 10
4 கிழமையில்: 40
8 கிழமையில்: 160
12 கிழமையில்: 640
16 கிழமையில்: 2,560

பதினாறு கிழமை என்பது ஏறக்குறைய நான்கு மாத நெல்லின் வயது. விதைத்த நாளில் ஒரு கூடைக்குள் அடங்கிய செடி, அறுவடை நாளில் வண்டி கட்டி அகற்ற வேண்டியதாகின்றது. தொடக்கத்தில் ஒருவர் சில நிமிடத்திற் செய்யக்கூடிய வேலை, நான்கு மாதம் பிந்தினால் ஓர் ஊரே கூடிச் செய்யும் வேலையாகிவிடும். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. மன்னாரில் ஆபத்து எங்கே உள்ளது?

நம் மாவட்டத்தை இதன்பொருட்டு இரு கூறாகக் கொள்ளலாம்.

பெருநிலப் பகுதி: முருங்கன், நானாட்டான் முதலிய இடங்களின் வயல்கள் பெரும்பாலும் கட்டுக்கரைக்குளத்தையும், அதன்கீழ்த் தொடராக அமைந்த சிறு குளங்களையும் நம்பியுள்ளன. அருவியாற்று நீர் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்கு வந்து, அங்கிருந்து துருசுகளினூடாக வாய்க்கால்களுக்கும், வாய்க்கால்களிலிருந்து மறு குளங்களுக்கும் செல்கின்றது. இத்தொடர் நமது பெருஞ் செல்வம். ஆயினும் மேற்குளத்தில் விழுந்த செடி கீழ்க்குளங்கள் யாவற்றையும் அடைவதற்கும் இதுவே வழி. மிதக்கும் செடி துருசின் வாயை அடைத்தால் நீர் குறையும். கடைக்கோடி வயலுக்கே அக்குறை முதலில் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர், தம் மகளின் திருமணத்தின்போது முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் ஊதாப் பூவுள்ள ஆகாயத்தாமரையை இட்டிருந்தார். தொட்டி நிறையும்போதெல்லாம் மிகுதியை அள்ளி, வீட்டின் பின்னாற் செல்லும் வாய்க்காலிற் கொட்டி வந்தார். அது கோடை, வாய்க்காலில் நீரில்லை. “காய்ந்து போய்விடும் என்றுதான் இருந்தேன், தம்பி” என்றார். பெரும்பாலானவை காய்ந்தே போயின. பள்ளத்திற் சேறு இருந்த ஓரிடத்தில் மட்டும் சில செடிகள் பிழைத்திருந்தன. பெரும்போகத்துக்கு நீர் திறந்தபோது அவை கீழே சென்றன. பொங்கல் அண்மிக்கையில் வாய்க்காலின் கடைசி மதகடி பச்சைப் பாய் விரித்தாற்போலாயிற்று. அம்மதகின் கீழ் வயல் செய்தவர் அவருடைய சொந்தத் தம்பி. கதிர் தள்ளும் பருவத்தில் அவருக்கு நீர் எட்டவில்லை. மூத்தவர் தாமே முன்னின்று அயலவரோடு இரண்டு நாள் சேற்றில் நின்று அனைத்தையும் அள்ளினார்; தொட்டியையும் வெறுமையாக்கினார். நீர் பிந்தி எட்டிய அவ்வயலிற் பதர் மிகுந்திருந்தது. எவரும் தீங்கு நினைக்கவில்லை, அறியாமையே தீங்காயிற்று. வாய்க்காலுக்கு மேலுள்ளவர் முற்றமும் கீழுள்ளவர் வயலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை இதினும் நன்றாக என்னால் விளக்க இயலாது.

முருங்கன் பகுதியின் கருங்களி மண்ணில் மற்றோர் ஆபத்தும் உண்டு. கோடையில் அம்மண் ஆழமாக வெடிக்கும். மேலே கிடந்த சிறு குமிழ்களும் கிழங்குகளும் வெடிப்பினுள் விழுந்து, மழையில் மண் மூடிக்கொள்ள, மண்வெட்டி எட்டாத ஆழத்தில் இருந்து முளைக்கும். ஆகவே அங்கு வயலோரத்திலும் தோட்டத்து ஓரத்திலும் பூந்தோட்டக் கழிவைக் குவித்தலாகாது.

தீவும் கரையோரமும்: ஆகாயத்தாமரை உப்புநீரைத் தாங்காது. களப்பிலும் கடனீர் கலக்கும் இடங்களிலும் அது வாழாது. தீவில் அஞ்சத்தக்கவை வறட்சியையும் மணலையும் தாங்கும் செடிகளே. விறகுக்கும் நிழலுக்குமென 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலங்கைக்கு வந்த சீமைக் கருவேல், இன்று நம் கரையோரத்தில் எவ்வாறு நிற்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் காயைத் தின்ற மாடும் ஆடும் கழுதையும் விதையைச் சாணத்தோடு புதிய இடங்களில் இட்டுச் செல்கின்றன.

இதே நிலத்துக்கு ஏற்ற அழகுச் செடியொன்று இப்பொழுது வேலிகளில் விரும்பிப் படரவிடப்படுகின்றது. இதய வடிவான இலையும், இளஞ்சிவப்புப் பூச்சரங்களும் உடைய இக்கொடியை ஆங்கிலத்திற் பவளக் கொடி என்னும் பொருள்பட ‘கோரல் வைன்’ என்பர். நம்மவர் கொடி றோசா என்பதும் உண்டு. மெக்சிக்கோவுக்குரிய இதன் வேரில் கிழங்குகள் உள்ளன. கொடியை அடியோடு வெட்டினாலும், தீயிட்டாலும் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். விதை நீரில் மிதந்து செல்லும். கரீபியன் கடலிலும் பசிபிக் கடலிலும் உள்ள வறண்ட தீவுகள் சிலவற்றில் இது மரஞ்செடிகளின் மேற் போர்வை போலப் படர்ந்து பெருந்தொல்லையாகியுள்ளது. நம் தீவும் வறண்ட தீவே என்பதை மறத்தலாகாது. வேலியில் இது இருப்பின் உடனே அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பனங்கூடலுக்கும் தரிசு நிலத்துக்கும் ஓடாதபடி காத்தல் வேண்டும். புதிதாக நடுவதைத் தவிர்த்தல் நன்று.

வங்காலைப் பகுதி 2008இற் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வந்து தங்கும் அந்நிலத்தின் ஓரத்திலுள்ள வீடுகளும் இவ்விடயத்திற் கூடிய கவனம் செலுத்துதல் வேண்டும்.

6. பொன்னாங்காணியிற் கவனம்

மரக்கறித் தோட்டக்காரர் சிறப்பாக அறியவேண்டிய ஒன்றுண்டு. பொன்னாங்காணிக் கீரையைப் போலவே தோன்றும் அயல்நாட்டுச் செடியொன்று, ஆங்கிலத்தில் ‘அலிகேற்றர் வீட்’ எனப்படுவது, உலகின் கொடிய நீர்க்களைகளுள் ஒன்றாகும். 1990களில் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த இலங்கையர் பலர் தம் வீட்டுத் தோட்டங்களில் இதனையே பொன்னாங்காணியென நம்பி வளர்த்து, ஒருவருக்கொருவர் தண்டு கொடுத்து வந்தமை தெரியவந்தது. அன்பினாற் கொடுத்த ஒரு பிடி கீரைத் தண்டு நகர்தோறும் களையைக் கொண்டுசென்றது. இச்செடி பின்னர் இலங்கையிலும் காணப்பட்டுள்ளது.

இரண்டையும் வேறுபடுத்தும் வழி எளிது. நம் பொன்னாங்காணியின் வெண்பூ, காம்பின்றி இலைக்கக்கத்திலேயே ஒட்டியிருக்கும். மற்றையதன் வெண்பூ உருண்டையாக, ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேலும் நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். அதன் முதிர்ந்த தண்டு உள்ளே துளையுடையது. ஐயமேற்படின் பூக்கும் வரை ஒரு சட்டியில் வளர்த்துப் பார்த்து, பின்னரே பாத்தியில் நடுக. காம்புள்ள பூவைக் கண்டால் தண்டைத் துண்டாக்காமல், வேரோடு எடுத்துப் பையிற் கட்டிவைத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்கவும். ஒரு கணுத் துண்டு போதும், அது மீண்டும் வேர்விட.

7. நடுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

புதிய பூச்செடியொன்றைப் பெறும்போது கொடுப்பவரிடமோ விற்பவரிடமோ பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

(அ) மேற்பகுதியை வெட்டினால் மீண்டும் முளைக்குமா?
(ஆ) துண்டு விழுந்த இடத்திலெல்லாம் வேர்விடுமா?
(இ) பறவை தின்னும் பழமோ, காற்றிலோ நீரிலோ செல்லும் விதையோ உண்டா?
(ஈ) நீர் விடாமலும் கோடையைக் கடக்குமா, அல்லது நீரில் மிதந்து வாழுமா?
(உ) ஆடு மாடு தின்னாமல் ஒதுக்குமா?

ஒன்றுக்கு மட்டும் “ஆம்” என்பது விடையாயின் அஞ்ச வேண்டியதில்லை. மூன்றுக்கு மேல் “ஆம்” எனின், “பராமரிப்பே தேவையில்லை, எங்கும் வளரும்” என்று விற்பவர் கூறும் புகழ்ச்சியையே எச்சரிக்கையாகக் கொள்ளுக.

சட்டியோடு வரும் செடியில் மண்ணையும் சோதிக்க வேண்டும். பூச்சட்டி மண்ணிற் கோரைக் கிழங்கு ஒளிந்து வருவது மிகச் சாதாரணம். மண்ணை உதறி, கிழங்கு உள்ளதா எனப் பார்த்த பின்னரே தோட்டத்துக்குள் எடுத்துச் செல்லுக.

8. அகற்றும் முறை

ஆகாயத்தாமரை: பூக்குமுன் அள்ளுதல் வேண்டும். பூத்து விதை விழுந்தால் அவ்விதை சேற்றினுள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அள்ளியதைக் குளக்கட்டின் உட்சரிவில் விடாது, நீர் எட்டாத மேட்டில் மெல்லிய படையாகப் பரப்பி நன்கு உலர்த்துக. முற்றாகக் காய்ந்தபின் கூட்டெருவுக்குப் பயன்படுத்தலாம். குளத்திலும் வாய்க்காலிலும் களைகொல்லி தெளித்தல் ஆகாது. அந்நீரையே மனிதரும் மாடும் பயன்படுத்துகின்றனர், மீனும் அதிலேயே வாழ்கின்றது.

கொடி றோசா முதலிய கிழங்குக் கொடிகள்: காய்க்குமுன் கொடியை வெட்டி அகற்றி, அடியைச் சுற்றி ஆழமாகத் தோண்டிக் கிழங்குகளை ஒன்றும் விடாது பொறுக்குக. மண் சற்று ஈரமாயுள்ள காலத்திற் கிழங்கு முறியாமல் வரும். பின்வரும் இரண்டு மூன்று மாரிகளிலும் அவ்விடத்தைப் பார்த்து, புதுத் துளிர் ஒரு சாண் உயருமுன் தோண்டி எடுத்தல் வேண்டும்.

நாயுண்ணி: வெட்டுவதனாற் பயனில்லை. பழம் பிடிக்குமுன் அடிக்கட்டையோடு கிளப்புக.

கோரை: தோட்டம் வெறுமையாயுள்ள கோடையில் இருமுறை மூன்றுமுறை உழுது கிழங்கை மேலே கொணர்ந்து வெயிலிற் காயவிடுக. நம் பகுதியின் கடுங்கோடை இவ்வேலைக்கு நல்ல துணை. ஈரத்திற் கொத்துதல் மாலையை அறுத்துக் கோரையைப் பெருக்குவதாகும்.

தோண்டிய கிழங்கையும் குமிழையும் குப்பைக் குழியிற் பச்சையாக இடலாகாது. எரு குளிர்ந்ததும் அவை முளைத்து, எருவோடு தோட்டத்துக்குச் செல்லும். கறுப்புப் பொலித்தீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, வெயிற்படும் சீமெந்துத் தரையிற் பல கிழமை வைத்தால் அவை வெந்து அழுகிப்போம். சிறு அளவாயின் கொதிநீரில் அவித்தும் எறியலாம்.

9. அழகை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. முற்றத்திற் பூ இருத்தல் வீட்டுக்கு மங்கலம். மல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை என்பன நம் முற்றங்களில் நெடுங்காலமாக அடங்கி நின்று பூ தந்து வருவன. தொட்டியில் நீர்ப்பூ வேண்டுமாயின் நம் நாட்டுக்குரிய அல்லியை வளர்க்கலாம். கரையோர வளவுக்குப் பூவரசு அழகும் நிழலும் தரும். லில்லிக் குமிழ்களையும் மணிவாழையையும் கல் அல்லது செங்கல் வரம்பிட்ட பாத்தியிலோ சட்டியிலோ நட்டு, ஆண்டுக்கொருமுறை கிளப்பி, மிகுதியை மேற்கூறியவாறு அழித்து வந்தால் அவற்றால் ஒரு தீங்கும் நேராது.

10. தனியொருவரால் ஆகாத வேலை

ஒரு வாய்க்காலில் பத்துப் பேர் துப்புரவாயிருந்து ஒருவர் தவறினாலும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், பெரும்போகத்துக்கு நீர் திறக்குமுன் செய்யும் வாய்க்கால் துப்புரவோடு, மேலிருந்து கீழாக ஒருமுறை நடந்து மிதக்கும் செடியும் புதிய செடியும் உண்டா எனப் பார்த்தல் நன்று. மேற்குளத்தில் தொடங்குக, கீழே தொடங்கினால் மேலிருந்து மறுபடியும் வரும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் விடுமுறைக்கு வரும்போது குமிழோ விதையோ பையிற் கொண்டுவர விரும்பினால், அனுமதிப் பத்திரமும் அந்நாட்டுச் சுகாதாரச் சான்றிதழும் இன்றிக் கொண்டுவரலாகாது என முன்னரே எழுதிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவை இதனை மேற்பார்வை செய்கின்றது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கிழங்குச் செடியை வெட்டுவது அழிப்பதாகாது. கிழங்கை எடுப்பதே அழிப்பது.
2. பூந்தோட்டக் கழிவை வாய்க்கால், குளம், பனங்கூடல், வயலோரம் ஆகிய இடங்களிற் போடாதீர். வாய்க்கால் வறண்டிருந்தாலும் போடாதீர்.
3. மிதக்கும் செடியைப் பூக்குமுன் அள்ளுக, மேட்டில் உலர்த்துக.
4. பொன்னாங்காணித் தண்டை வாங்குமுன் பூவின் காம்பைப் பார்க்க.
5. அகற்றிய இடத்தை மூன்று மாரிக்குக் கண்காணிக்க.
6. அறியாத புதுச்செடி பெருகக் கண்டால் ஒரு செடியைப் பையிலிட்டுக் கமநல சேவை நிலையத்திற் காட்டுக.

அடுத்த முறை பெரும்போக நீர் உங்கள் வாய்க்காலில் வருமுன், ஒரு மாலைப்பொழுதில் உங்கள் வளவின் பின்புறத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அங்குக் கிடக்கும் ஒரு பிடி பச்சையை அப்பொழுதே எடுத்தால் அது ஒரு பிடி வேலை. எடுக்காது விட்டால், அதனை நான்கு மாதத்தின் பின் எடுக்க வேண்டியவர் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள உங்கள் அயலவராயிருப்பார்.